நடுவர் எழுந்து போகலாமா?

ஆம்பூரில் காலைச் சமையலும் பள்ளிக்கூட அவசரமும் அடங்கிய பிறகு, சில தெருக்களின் திண்ணைகளில் இன்னொரு வேலை தொடங்கும். ஏஜென்ட் கொண்டுவந்து போட்ட பையிலிருந்து ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’களை ஒவ்வொன்றாக எடுத்து, துளைகளில் தடித்த ஊசியை நுழைத்து, நூலை இழுத்து இறுக்குவார்கள் பெண்கள். நூல் பதிந்து பதிந்து ஆள்காட்டி விரலின் ஓரம் காய்த்துப்போயிருக்கும். கூலி ஜோடிக் கணக்கு. தையல் பிசகினால் அந்த ஜோடிக்கான உழைப்பு வீண். தைத்த ஷூ எந்த நாட்டுக் கடையில் போய் நிற்கும் என்று பலருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட தாள் என்று ஒன்றும் அவர்களிடம் இருக்காது.

அதே ஷூவுக்கு வேறொரு மேசையில் பல பக்க ஒப்பந்தம் இருக்கும். ஏற்றுமதி ஒப்பந்தங்களில், சச்சரவு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வது என்று ஒரு பிரிவை எழுதி வைப்பது வழக்கம். தோலின் நிறம் மாறிவிட்டது, கப்பலுக்குச் சரக்கு தாமதமாகிவிட்டது என்று ஏதாவது நேர்ந்தால் எத்தனை நடுவர்கள், எந்த ஊரில், எந்த மொழியில் விசாரிப்பது என்பது வரை முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஒரே ஷூதான். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவர் உண்டு. தைத்தவருக்கு நடுவரும் இல்லை, முறையிட வாசலும் இல்லை.

இந்த இரண்டு இடங்களையும் ஒருசேரப் பார்த்தால்தான் ஓர் அறக் கேள்வியின் முழுக் கனம் தெரியும். சட்டம் படித்து, வழக்காடி, இரு தரப்பும் நம்பி ஏற்கும் நடுவராக உயர்ந்த ஒரு பெண், அந்த இருக்கையை விட்டு நாடாளுமன்றத்துக்குப் போவது சரியா? அது கடமையின் அடுத்த படியா, கைக்கு வந்த கடமையைக் கைவிடுவதா?

போகக் கூடாது என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதில்லை. வக்கீலின் அறம் ஓர் ஆளைச் சார்ந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயர் அவருக்குத் தெரியும்; வாய்தாவுக்கு வர எத்தனை பஸ் மாறினார், அன்றைய கூலியை எப்படி இழந்தார் என்பதும் தெரியும். நடுவரின் அறம் இரண்டு பேரைச் சார்ந்தது. இருவர் சொல்வதையும் ஒரே பொறுமையோடு கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சட்டம் செய்பவருக்கு முன்னால் ஆளே இருப்பதில்லை. அவர் பார்ப்பது இலட்சங்களையும் சதவீதங்களையும். முகம் மறைந்த இடத்தில் இரக்கமும் மெல்ல மறையும் என்ற பயம் நியாயமானது.

அடுத்த வாதம் நடுநிலை பற்றியது. நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது திருக்குறள். அப்படிப்பட்ட மரபில் வந்தவர்களுக்கு, துலாக்கோல் பிடித்த கை மறுநாள் கட்சிக் கொடியைப் பிடிப்பது உறுத்தத்தான் செய்யும். நேற்று அவர் சொன்ன தீர்ப்புகளின்மேலும் அது பின்னோக்கி ஒரு நிழலை வீசும். போதாததற்கு, 1985-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். சட்டத்தையும் சாட்சியத்தையும் தவிர வேறெதற்கும் கட்டுப்படாமல் இருந்தவர், ஆணைக்குக் கைதூக்கும் இடத்துக்குப் போவது ஏற்றமா என்ற கேள்விக்கு உடனடியாகப் பதில் வராது.

இந்த வாதங்களை எடைபோட வெறும் தர்க்கம் போதாது. வாழ்ந்து காட்டிய ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரின் பாதை இதே வட்டாரத்து வேலூர் வழியாகவே போயிருக்கிறது.

1909-இல் ராஜமுந்திரியில் பிறந்த துர்காபாய், பின்னாளில் துர்காபாய் தேஷ்முக், உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கி 1930-க்கும் 1933-க்கும் இடையில் மூன்று முறை சிறை சென்றார். வேலூர்ச் சிறையும் மதுரைச் சிறையும் அவர் இருந்த இடங்கள். சிறைவாசத்தில் அவர் சந்தித்த பெண்களில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். எழுத்தறிவு இல்லாமல், தங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் தண்டனைக்குள் போனவர்கள். வெளியே வந்ததும் சட்டம் படிக்க வேண்டும், இப்படிப்பட்ட பெண்களுக்குக் காசு வாங்காமல் வாதாட வேண்டும் என்ற தீர்மானம் அந்தச் சுவர்களுக்குள் பிறந்தது. விட்டுப்போன படிப்பைத் தொடர்ந்து, 1942-இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று, உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார்.

நான்கே ஆண்டுகளில் அவர் அரசமைப்பு நிர்ணய சபைக்குப் போய்விட்டார். வேலூர்ச் சிறையில் கண்ட பெண்களை அவர் கைவிட்டாரா? அந்தச் சபையில் அவர் செய்த ஒரு காரியம் இதற்கு விடை சொல்லும். பொது இந்துக் கோயில்களைத் திறந்துவிடுவது பற்றிய வரைவில் ‘ஏதேனும் ஒரு வகுப்புக்கோ பிரிவுக்கோ’ என்ற பொருளில் சொற்கள் இருந்தன. அதை ‘எல்லா வகுப்புகளுக்கும் பிரிவுகளுக்கும்’ என்று மாற்றும் திருத்தத்தைத் துர்காபாய் கொண்டுவந்தார். இன்று 25-ஆவது பிரிவில் இருப்பது அந்தச் சொற்கள்தான். ‘ஏதேனும் ஒரு’ என்பதற்கும் ‘எல்லா’ என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது, வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களுக்குத் தெரியும். ஒரு வழக்கில் வென்றிருந்தால் ஒரு கோயிலின் கதவு திறந்திருக்கும். ஒரு சொல் மாறியதால் நாட்டுக்கே விதி மாறியது. சொல்லை எடைபோடும் அந்தக் கூர்மை வழக்காடும் தொழிலிலிருந்து வந்தது. அவையில் அது இன்னும் பெரிய பயனைக் கண்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெண் வக்கீலாகலாம் என்பதே நீதிமன்றம் கொடுத்த வரம் அன்று. 1916-இல் ரெஜினா குஹா கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார். பெண்ணுக்கு அந்த இடம் இல்லை என்று பதில் வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பாட்னாவில் சுதான்ஷு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில்தான். இருந்த சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் கையை விரித்தார்கள். 1923-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றிய பிறகே நாடெங்கும் தடை நீங்கியது. நடுவரின் கை எட்டாத இடம் ஒன்று உண்டு என்பதற்குப் பெண் வக்கீல்களின் வரலாறே முதல் சான்று.

எட்டாத அந்த இடம் எது என்பதை, தோல் ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தின் பாலாறு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1996-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மூன்று நிகழ்வுகள் நடந்தன. ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான 177-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. திண்ணையில் தைப்பவரும் தொழிலாளிதான், மற்றக் கூலித் தொழிலாளர்களுக்கு இணையாக அவரை நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதில் இணைந்து ஒப்புதல் அளிக்கவில்லை. ஆகஸ்ட் 22-இல் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆறே நாளில், ஆகஸ்ட் 28-இல், தோல் ஆலைக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைப் படிப்பவர் தோல் தொழிலின் கணக்கையும் படிப்பார். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர்; குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள்; பயிருக்கு ஓரளவோ முழுமையாகவோ உதவாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய், குரோம் முறை பரவியதோடு தொழில் வளர்ந்தது, ஏற்றுமதி பெருகியது, ஊர்களில் காசு புழங்கியது. ஊரார் ‘தோல் ஷாப்பு’ என்று சொல்லும் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் போன வழியில் கிணறுகள் உப்பாயின. இறைத்து வைத்த தண்ணீரின் நிறம் மாறியது; அரிசி வேகவில்லை, தென்னை காய்க்கவில்லை.

கிணறு உப்பாகிப்போன விவசாயி எந்த நடுவரிடம் போவார்? நடுவர் முறையின் வேரே உடன்பாடுதான். சச்சரவை நடுவரிடம் கொண்டுபோவோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கிணற்றுக்காரர் எந்த ஆலையோடும் ஒப்பந்தம் போடவில்லை. கழிவுநீர் அவர் நிலத்துக்கு வந்தது அவரைக் கேட்டு அன்று. எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று அவர் நிரூபிக்கவும் முடியாது. சமமாக நிற்பவர்களுக்கு நடுவே நடுவில் இருப்பது அறம். ஒருவர் மேட்டிலும் ஒருவர் பள்ளத்திலும் நிற்கும்போது நடுவில் இருப்பது மேட்டுக்கே துணைபோகும். தராசு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தூக்கிய இடம் சரிந்திருந்தால் எடை சரியாக வராது.

தரையைச் சமன்செய்ய உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டமாக அறிவித்தது. தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும். தன்னால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர்மேலேயே வைத்தது. இழப்பை அளந்து ஈடு வழங்க ஓர் ஆணையத்தை அமைக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணையத்துக்கான அதிகாரம் புதிதாகப் பிறந்ததில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. பத்து ஆண்டுகள் அந்தப் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகளும் உப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டமன்றத்துக்குப் போவதே தீர்வு என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தலைகுனிந்து யோசிக்க வேண்டும். சட்டம் இருந்தும் ஆறு செத்தது. ஈடு கிடைத்த கதையும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 27 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகையைத் தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. பல ஆண்டுகள் பாழான நிலத்துக்கும் கெட்ட கிணற்றுக்கும் அதுதான் விலை. அந்தத் தொகையும் எல்லோரையும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாக்கியை ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி மாநில அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இந்த ஆணைக்கும் இடையில் 28 ஆண்டுகள். அன்று கைக்குழந்தையோடு மனுக் கொடுத்தவர் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பார்.

ஆகவே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நடுவர் எழுந்து போகலாமா என்பதோடு, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றை எடுத்துக்கொண்டு போனால் அந்தப் போக்கு அறத்தின்பாற்பட்டது.

முதலாவது, வெளிப்படையாகச் சொல்லும் பழக்கம். நடுவராக ஒருவரை அணுகினால், தன் நடுநிலைமேல் நியாயமான ஐயம் எழக்கூடிய எந்த உறவையும் தொடர்பையும் எழுத்துமூலம் சொல்லிவிட வேண்டும் என்கிறது நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. நாடாளுமன்ற உறுப்பினர் வக்கீல் தொழிலைத் தொடரலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தடையில்லை என்று 2018-இல் தீர்ப்பானது. சட்டம் தடுக்கவில்லை என்பதால் மனசாட்சியும் சும்மா இருந்துவிடக் கூடாது. நேற்று தோல் ஏற்றுமதியாளருக்கு ஆலோசனை சொன்னவர், இன்று கழிவுநீர் விதி பற்றிப் பேச எழுந்தால், முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். விவசாயிகளுக்காக வாதாடியவருக்கும் இது பொருந்தும். பக்கம் சாய்வது குற்றமில்லை. எந்தப் பக்கம் என்பதை மறைப்பதுதான் குற்றம்.

இரண்டாவது, இருபுறமும் கேட்கும் பொறுமை. தோல் வட்டாரத்தில் ஆற்றின் பக்கம் மட்டும் நின்று பேசுவது சுலபம். பதனிடும் ஆலையில் ஈரத் தோலைத் தூக்குபவருக்கும், விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கும் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். படிப்பை நிறுத்திய பெண்ணின் கைக்கு முதல்முறையாகச் சொந்தச் சம்பளம் வந்ததும் இதனால்தான். உச்ச நீதிமன்றமும் தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்நியச் செலாவணி ஈட்டுகிறது என்பதற்காக மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. கழிவைச் சுத்திகரிக்கும் செலவைச் சிறிய ஆலை தாங்குமா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாரத்தை யார் எவ்வளவு சுமப்பது, வெளிநாட்டுக்காரர் ஷூவின் விலையைக் குறைக்கச் சொல்லும்போது அந்தக் குறைவு யார் கூலியில் விழுகிறது என்பதையெல்லாம் கேட்டறியாமல் எழுதிய சட்டம் தாளிலேயே நின்றுவிடும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்ற நல்ல நோக்கத்தின் இடத்திலேயே அது நடந்தது. ஆற்றைக் காக்கும் சட்டம் அந்தத் தொட்டியின் ஓரத்தில் உறங்குபவரையும் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தன் ஆட்களையே தடுத்து நிறுத்தும் துணிவு. 1923-இல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டின் கதர்க் கண்காட்சியில் வாசல் காத்தவள் பதினான்கு வயதுச் சிறுமி துர்காபாய். டிக்கெட் இல்லாதவரை விடக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட விதி. இரண்டணா டிக்கெட் இல்லாமல் வந்தவர் ஜவஹர்லால் நேரு. அவரையும் நிறுத்தினாள். பெரியவர்கள் பதறினார்கள், நேரு அவளைப் பாராட்டினார். இனிய கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இதில் அரசியலுக்குப் போகிறவருக்கான பாடமே அடங்கியிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரரிடம் டிக்கெட் கேட்பதற்குத் துணிவு தேவையில்லை. கொறடா ஆணை வாக்கைக் கட்டலாம். கட்சிக் கூட்டத்திலும் நிலைக்குழுவிலும் எழுந்து பேசும் வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லை. அங்கே வாய் திறக்காதவர் ஆணையின்மேல் பழிபோடுவது முறையாகாது.

இந்த மூன்றையும் எடுத்துப் போகிறவர் நடுவர் இருக்கையை விட்டுப் போனதாகச் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கு நடுவே பிடித்த தராசை, வழக்குப் போடவே முடியாதவருக்கும் சேர்த்துப் பிடிக்கிறார். மூன்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கலாம். அவரிடம் ஒருநாள் நியாயம் கேட்டு வந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

1952 தேர்தலில் ராஜமுந்திரியில் துர்காபாய் தோற்றார். சட்டம் செய்யும் அவையில் அவருடைய காலம் அதோடு முடிந்தது, வேலை முடியவில்லை. திட்டக் குழுவில் உறுப்பினரானார், மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். 1953-இல் சீனாவுக்குப் போனபோது குடும்ப நீதிமன்றங்கள் நடக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்து, அப்படி ஒன்று இங்கும் வேண்டும் என்று நீதிபதிகளிடமும் நேருவிடமும் எடுத்துச் சொன்னார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தது. அவர் 1981-இலேயே காலமாகிவிட்டார். சச்சரவை முதலில் இணக்கமாகத் தீர்க்க முயல வேண்டும் என்ற கடமையை அது நீதிமன்றத்தின்மேல் வைக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. வக்கீலாகத் தொடங்கிய ஒருவரின் கனவு, வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாத பெண் தானே வாய் திறந்து பேசும் ஓர் இடத்தில் போய் முடிந்தது. வேலூர்ச் சிறையில் எடுத்த தீர்மானத்துக்கு இதைவிட நேரான நிறைவு இல்லை. இன்று சிறையில் இருக்கும் பெண்ணுக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதைச் சொல்கிறது. சலுகையாக இருந்திருக்கக்கூடியதை உரிமையாக்கியது சட்டம்தான்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற அரசமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. அது நடைமுறையாகும்போது, வேலூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வக்கீல் கவுனை மடித்து வைத்துவிட்டுப் பெண்கள் டெல்லிக்குப் புறப்படக்கூடும். அவர்கள் போக வேண்டும். போகாமல் இருந்தால், சரிந்த தரையிலேயே தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எடை சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம்.

போனவர் கணக்குச் சொல்ல வேண்டிய இடமும் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காலணி, தோல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஆனாலும் ஜோடிக்கு எவ்வளவு கூலி, யார் பொறுப்பு, தையல் பிசகினால் யாரிடம் முறையிடுவது என்பது திண்ணையில் இருப்பவர் கைக்கு எழுத்தில் வரவில்லை. அவையில் மசோதா நிறைவேறும்போது மேசை தட்டும் ஓசை எழும். அந்த ஓசையை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். ஆம்பூர்த் தெருவில் ஏஜென்ட் கொண்டுவந்து போடும் பையோடு, தைப்பவரின் பெயரும் தைக்கச் சொன்ன நிறுவனத்தின் பெயரும் எழுதிய தாள் ஒன்றும் என்றைக்கு வந்து சேர்கிறதோ, அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் நிறைவேறியதாகப் பொருள்.